கிளிப் கழற்றியாச்சு, பல்லுல வெள்ளைத் திட்டு: அடுத்து என்ன?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடு ஆபீஸ் நைட் ஷிஃப்ட் பத்தி. இன்னைக்கு அதுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விஷயம். பல்லு. இன்னும் சரியாச் சொன்னா, பல்லுக்குக் கிளிப் போட்டு, ரெண்டு வருஷம் பொறுத்து, கழற்றின அன்னைக்குக் கண்ணாடியில தெரியுற அந்த வெள்ளைத் திட்டு.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. கோடு எழுதிப் பொழைக்கிறவன். ஆனா என் பல்லுல இந்தத் திட்டு ஏழு வருஷம் இருந்துச்சு. அதுல நான் செஞ்ச தப்பும், பிறகு படிச்சும் கேட்டும் தெரிஞ்சுக்கிட்டதும்தான் இந்த எபிசோடு.

சித்தி வீட்டு விசேஷம்

எங்க ஊர் ராஜபாளையம். சித்தியைக் கட்டிக் கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர்ல. பஸ்ஸில ஏறி சீட் பிடிச்சு உக்காந்தா, ஒரு பாட்டு லிஸ்ட் முடியறதுக்குள்ள இறங்கிடலாம், அவ்வளவு பக்கம். போன மே மாசம் சித்தி வீட்டுல ஒரு விசேஷம். போட்டோகிராஃபர் எல்லாரையும் நிக்க வச்சு "சிரிங்க, சிரிங்க"ங்கிறார். சித்தி பொண்ணு, என் தங்கச்சி, காலேஜ் ரெண்டாவது வருஷம், உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறா.

சித்திக்குக் கோபம். "இதுக்குத்தான் அம்புட்டுக் காசு செலவழிச்சு கிளிப் போட்டோமா? பல்லு வரிசையா வந்திருக்கு, காட்டித் தொலையேன்."

எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஏன்னா அதே மாதிரி மூடின வாயோட எடுத்த போட்டோ என்கிட்ட ஏழு வருஷத்துக்கு இருக்கு. காலேஜ் ஃபேர்வெல், முதல் வேலையோட ஐடி கார்டு, அக்கா கல்யாணம், எல்லாத்துலயும் உதடு மூடித்தான் இருக்கு.

ராத்திரி மொட்டை மாடியில கேட்டேன். "காட்டு." காட்டினா. கிளிப் கழற்றி ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. மேல் வரிசையில மூணு பல்லுல, பிராக்கெட் ஒட்டியிருந்த இடம் சுத்தமா சதுரமா இருக்கு, அதைச் சுத்தி சாக்பீஸ்ல ஃபிரேம் போட்ட மாதிரி வெள்ளை.

"அண்ணே, ஒரு ரீல் பார்த்தேன். எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் கலந்து தேய்ச்சாப் போயிடுமாம். நாலு நாளாத் தேய்க்கிறேன். பல்லு கூசுது, திட்டு போகலை."

அந்த நாலு நாளை நினைச்சுத்தான் இதைப் பேச உக்காந்தேன். ஏன்னா நாமெல்லாம் இதை ஒரு கறைன்னு நினைக்கிறோம். கறைன்னா தேய்ப்போம், வெளுப்போம். இது கறை இல்லை. மேல ஒட்டின எதுவும் இல்லை. உள்ளேயிருந்து போன ஒண்ணு. இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சா மிச்சம் எல்லாம் தானா விளங்கும்.

உள்ளே என்ன போச்சு?

பல்லோட வெளிப்பூச்சு எனாமல். எடையில சுமார் 96 சதவீதம் கனிமம்தான், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்கள். நம்ம உடம்புலயே ரொம்பக் கெட்டியான பொருள். ஆனா அமிலம் பட்டாக் கரையும். வாயோட பிஎச் ஏறத்தாழ 5.5-க்குக் கீழ போனா எனாமல்ல இருந்து கனிமம் வெளியேற ஆரம்பிக்கும். மேல ஏறினா எச்சில்ல இருக்கிற கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்ப உள்ளே போகும். தினமும் நம்ம வாயில இந்த வரவு செலவு நடந்துக்கிட்டே இருக்கு. செலவு ரொம்ப நாள் அதிகமா இருந்தாத்தான் திட்டு.

அமிலம் எங்கிருந்து வருது? பல்லு மேல படியற அந்தப் பிசுபிசுப்பு, அதுல இருக்கிற பாக்டீரியா, சர்க்கரையைத் தின்னுட்டு அமிலத்தை விடுது. 1940-கள்ல ராபர்ட் ஸ்டீஃபன்னு ஒருத்தர் இதை அளந்து பார்த்தார். இனிப்பு பட்ட சில நிமிஷத்துலயே பிஎச் சரிஞ்சிடுது, பழைய நிலைக்கு வர அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகுது.

இப்போ கிளிப்பைச் சேர்த்துப் பாருங்க. ஒவ்வொரு பல்லுலயும் ஒரு பிராக்கெட், நடுவுல கம்பி. பிரஷ் போகாத மூலை பல்லுக்கு நாலு. குறிப்பா பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்கிற அந்தச் சின்ன இடைவெளி. அங்கே படிஞ்சது அங்கேயே இருக்கும். சரியாத் துலக்காம விட்டா ஒரே மாசத்துல கண்ணுக்குத் தெரியற வெள்ளை வந்துடும். பிராக்கெட்டுக்கு அடியில பசை இருக்கிறதால அந்த இடம் தப்பிச்சிடுது. அதனாலதான் கழற்றினதும் சதுரம் சுத்தமாவும் சுத்தி ஃபிரேமாவும் தெரியுது.

இது உங்களுக்கு மட்டும் வந்த சாபமும் இல்லை. 1982-ல அமெரிக்காவுல வெளியான, இன்னைக்கும் எல்லாரும் எடுத்துச் சொல்ற ஒரு ஆய்வுல, கிளிப் போட்டவங்கள்ல ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஒரு பல்லுலயாவது திட்டு இருந்துச்சு. கிளிப்பே போடாதவங்கள்ல சுமார் கால்வாசிப் பேருக்கு. முன் பல்லு ரெண்டுக்கும் பக்கத்துல இருக்கிற மேல் பல்லுலதான் அதிகம். அதாவது சிரிச்சா முதல்ல தெரியற இடம்.

பால்கோவா மேல பழி

ஸ்ரீவில்லிபுத்தூர்ல வளர்ற பொண்ணுக்கு வெள்ளைத் திட்டு வந்தா வீட்டுல எல்லாரும் எதைச் சொல்வாங்க? பால்கோவாவை. சித்தியும் அதைத்தான் சொன்னாங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பலகாரம், தெருவுக்குத் தெரு கடை, விருந்தாளி யார் வந்தாலும் ஒரு டப்பா.

நியாயமாப் பேசுவோம். பால்கோவாவுல இருக்கிறது ரெண்டே ரெண்டு. பாலும் சர்க்கரையும். பால் பல்லுக்குக் கெடுதல் இல்லை, உண்மையில நல்லது. சர்க்கரைதான் பிரச்சனை, அதுவும் ஒட்டிக்கிற சர்க்கரை. ஆனா அதைவிட முக்கியம், எத்தனை தடவைங்கிறது. சாப்பாடு முடிஞ்ச கையோட நூறு கிராம் பால்கோவா தின்னுட்டு வாயைக் கொப்பளிச்சா, அது ஒரு தடவை அமிலம். அதே நூறு கிராமை டப்பாவைத் திறந்து திறந்து சாயங்காலம் முழுக்கக் கிள்ளித் தின்னா, சாயங்காலம் முழுக்க அமிலம்.

என் கேஸுல பால்கோவா குற்றவாளியே இல்லை. டீதான். ஹாஸ்டல்ல காலையில ஒண்ணு, இடைவேளையில ஒண்ணு, சாயங்காலம் ரெண்டு, ராத்திரி அசைன்மென்ட் எழுதும்போது ஒண்ணு, எல்லாமே ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. தோராயமாக் கணக்குப் போட்டா தினமும் ரெண்டரை மணி நேரத்துக்குக் குறையாம என் பல்லு அமிலத்துல ஊறியிருக்கு. அதுக்கு மேல, ராத்திரி பல்லு துலக்கறதே கிடையாது. இதுல யாரைக் குத்தம் சொல்றது?

ஏன் வெள்ளையாத் தெரியுது?

இந்த இடம்தான் எனக்குள்ள இருக்கிற எஞ்சினியருக்குப் பிடிச்ச இடம். கனிமம் போன இடம் ஏன் கருப்பாவோ பள்ளமாவோ தெரியாம வெள்ளையாத் தெரியுது?

ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி, காஸ் துணி நெய்யற ஊர். உங்க காயத்துக்குக் கட்டின துணி அங்கிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அந்தத் துணி காஞ்சிருந்தா நல்ல வெள்ளை. தண்ணியில நனைச்சுக் கை மேல போடுங்க, தோல் தெரியும். துணி மாறலை, நூல் மாறலை. நூலுக்கு நடுவுல இருந்த காத்து போயி தண்ணி வந்துச்சு, அவ்வளவுதான்.

ஒளி ஒரு பொருள்ல இருந்து இன்னொரு பொருளுக்குப் போகும்போது, ரெண்டுக்கும் ஒளிவிலகல் எண் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு சிதறும். எனாமலுக்கு அந்த எண் சுமார் 1.62. தண்ணிக்கு 1.33. காத்துக்கு 1. நல்ல எனாமல்ல ஒளி ஒழுங்காப் போயிட்டு வரும். கனிமம் போயி உள்ளே நுண்ணிய ஓட்டைகள் வந்துட்டா, எனாமல், ஓட்டை, எனாமல், ஓட்டைன்னு மாறி மாறி ஒளி சிதறும். சிதறின ஒளி நம்ம கண்ணுக்கு வெள்ளை.

இன்னொண்ணு. மேல இருக்கிற மெல்லிய படலம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதுக்கு அடியிலதான் காலி. கரையான் அரிச்ச கதவு மாதிரி, பெயின்ட் பளபளன்னு இருக்கும், தட்டினாத்தான் தெரியும்.

இப்போ சொல்லுங்க, கரையான் அரிச்ச கதவை எமரி பேப்பர் போட்டுத் தேய்ப்பீங்களா? கரிப்பொடி பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறதும் அந்த வேலைதான். எலுமிச்சைச் சாறோட பிஎச் 2-லிருந்து 3-க்குள்ள. 5.5-லயே கரையற பொருள் மேல அதைப் போட்டு, நாலு நாள் தேய்ச்சா பல்லு கூசாம என்ன செய்யும்?

நான் செஞ்ச தப்பு

எனக்குக் கிளிப் கழற்றினப்ப 19 வயசு. போட்டுவிட்ட கிளினிக்கில கேட்டேன். "அதெல்லாம் போயிடும்"னாங்க. ரெண்டு நிமிஷம் உக்கார வச்சு விளக்கியிருந்தா என் ஏழு வருஷம் மிச்சம். போகலை. வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வந்ததும் வேற ஒரு இடத்துல போய்ப் பல்லை வெளுக்கச் சொன்னேன். ஒயிட்டனிங். செஞ்சாங்க. பல்லும் வெளுத்துச்சு, திட்டும் சேர்ந்து வெளுத்துச்சு, முதல் சில நாள் முன்னைவிடப் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. ஒயிட்டனிங் நிறத்தை மாத்தும், ஓட்டையை அடைக்காது. சிலருக்குச் சுத்தியிருக்கிற பல்லும் வெளுக்கிறதால வித்தியாசம் கொஞ்சம் மங்கும். எனக்கு மங்கலை.

பிறகு 26 வயசுல சென்னையில ஒரு டாக்டர்கிட்ட போனேன். அவங்க முதல்ல செஞ்சது, பல்லு மேல காத்து அடிச்சு அஞ்சு செகண்ட் காய வச்சுப் பார்த்தது. அப்புறம் எச்சில் படவிட்டுப் பார்த்தது. சத்திரப்பட்டி துணிக் கணக்குத்தான். காய வச்சா மட்டும் தெரியற திட்டு, மேலோட்டமானது. ஈரமா இருக்கும்போதே தெரியற திட்டு, ஆழமா இறங்கினது. கருவியோட முனை மாட்டிக்கிற அளவுக்குப் பள்ளம் ஆகியிருந்தா அது திட்டு இல்லை, சொத்தை. அதுக்கு அடைக்கத்தான் வேணும்.

இன்னொரு கேள்வியும் கேட்டாங்க. "கிளிப்புக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா?" ஏன்னா வெள்ளையெல்லாம் கிளிப்பால வந்தது இல்லை. தர்மபுரி மாதிரி நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைடு அதிகமா இருக்கிற இடத்துல வளர்ந்தவங்களுக்கு, பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடியே எனாமல்ல வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, பல பல்லுல, கோடு கோடா இருக்கும். கிளிப் திட்டு பிராக்கெட் ஓரத்துல மட்டும் இருக்கும். அது வேற கதை, வைத்தியமும் கொஞ்சம் வேற. கிளிப் போடறதுக்கு முன்னாடி டாக்டர் எடுக்கிற போட்டோவைக் கேட்டு வாங்கி வச்சுக்கங்க. என்கிட்ட இல்லை.

சரி, வைத்தியம் என்ன?

வரிசையா சொல்றேன். வரிசை முக்கியம்.

முதல் படி, காத்திருக்கிறது. கேக்கச் சப்புன்னு இருக்கும், ஆனா இதுதான் படி. கிளிப் போனதும் பிரஷ் எல்லா இடத்துக்கும் போகும், எச்சில் எல்லா இடத்தையும் தொடும். முதல் சில மாசத்துல நிறையத் திட்டு தானா மங்கும். இந்தக் காலத்துல ஃபுளோரைடு இருக்கிற சாதாரண பேஸ்ட் ரெண்டு வேளை. நம்ம நாட்டுல பேஸ்ட்ல அதிகபட்சம் 1000 பிபிஎம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், டியூப்ல போட்டிருக்கும், பாருங்க. துலக்கினதும் நுரையைத் துப்பினாப் போதும், தண்ணி ஊத்திக் கொப்பளிச்சு எல்லாத்தையும் கழுவி விட்டுடாதீங்க. கடுமையான அடர்த்தியில ஃபுளோரைடை உடனே பூசறதைப் பல டாக்டர்கள் தவிர்க்கச் சொல்றாங்க. மேல் படலம் சீக்கிரம் இறுகிட்டா அடியில இருக்கிற வெள்ளை அப்படியே மாட்டிக்கும்கிறது காரணம்.

ரெண்டாவது, பால் புரதத்துல செஞ்ச க்ரீம். இதைக் கேட்டதும் தங்கச்சி சிரிச்சுட்டா. ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பல்கலைக்கழகத்துல எரிக் ரெனால்ட்ஸ்ங்கிற பேராசிரியரோட குழு, பால்ல இருக்கிற கேசீன் புரதத்துல இருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் சுமந்துக்கிட்டுப் போற ஒரு பொருளைப் பிரிச்சாங்க. ஜிசி டூத் மூஸ்ங்கிற பேர்ல வர்றது அதுதான். பால்கோவா ஊர்ப் பொண்ணுக்குப் பாலே மருந்து. ஆனா அளவாச் சொல்லணும்: சிலருக்கு உதவுது, சாதாரண பேஸ்டைவிட ரொம்பப் பெரிய வித்தியாசம்னு எல்லா ஆய்வும் சொல்லலை. பால் புரதம் ஒத்துக்காதவங்க தொடவே கூடாது.

மூணாவது, மைக்ரோ அப்ரேஷன். அமிலமும் நைசான பொடியும் சேர்த்து டாக்டர் மேல் எனாமலை மிக மெல்லிசா எடுக்கிறது. மேலோட்டமான திட்டுக்குச் சரி. எடுத்த எனாமல் திரும்ப வராது.

நாலாவது, நான் செஞ்சுக்கிட்டது. ரெசின் இன்ஃபில்ட்ரேஷன். ஜெர்மனியில பெர்லின்லயும் கீல்லயும் நடந்த ஆராய்ச்சியில உருவாகி, 2009-ல இருந்து ஐகான்ங்கிற பேர்ல வருது. துளை போடறது இல்லை, ஊசி இல்லை. ஈறு மேல படாம இருக்க ரப்பர் ஷீட் கட்டுவாங்க. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமில ஜெல்லை திட்டு மேல ரெண்டு நிமிஷம் வைப்பாங்க.

இருங்க, இருங்க. "அமிலம் வேண்டாம்னு இவ்வளவு நேரம் திட்டிட்டு இப்ப நீயே அமிலம்ங்கிறியே"ன்னு கேப்பீங்க. எலுமிச்சைக்கும் இதுக்கும் வித்தியாசம், இது அந்த இடத்துல மட்டும், அளந்த நேரத்துக்கு, கெட்டியான மேல் படலத்தைத் திறக்க மட்டும். திறந்த கதவை மூடவும் போறாங்க. கழுவி, ஆல்கஹால் விட்டுக் காய வைப்பாங்க. ஆல்கஹால் பட்ட அந்த நொடியில திட்டு மங்கினா, வைத்தியம் நல்லா வேலை செய்யும்னு அர்த்தம். நனைச்ச துணி மறுபடியும்! அப்புறம் தண்ணி மாதிரி இருக்கிற ரெசினை மூணு நிமிஷம் ஊற விட்டு, லைட் அடிச்சு இறுக வைப்பாங்க. ரெசினோட ஒளிவிலகல் எண் சுமார் 1.52. எனாமலோட 1.62-க்கு ரொம்பப் பக்கம். ஒளி சிதறல் குறையுது, திட்டு சுத்தியிருக்கிற பல்லோட கலந்துடுது. பஜ்ஜி எண்ணெய் பட்ட பேப்பர்ல அடுத்த பக்க எழுத்து தெரியுமே, அதே விஷயம்தான்.

எனக்கு மூணு பல்லு. ரெண்டுல தேடினாத்தான் தெரியும். மூணாவதுல ஆழமா இருந்ததால பாதிதான் மங்குச்சு. முழுசாப் போகும்னு யாராவது உறுதி கொடுத்தா ஜாக்கிரதை. ஒயிட்டனிங் செய்யற எண்ணம் இருந்தா இதுக்கு முன்னாடியே முடிச்சுக்கணும், ரெசின் வெளுக்காது. காசு பல்லுக்கு இவ்வளவுன்னுதான் கணக்கு, அதனால எத்தனை பல்லுன்னு முதல்லயே கேட்டுடுங்க. எடுத்ததும் வெனியர் போடலாம்னு சொன்னா, இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க. நல்ல பல்லைச் செதுக்கிட்டா பழையபடி ஒட்ட வைக்க முடியாது.

இப்போ கிளிப் போட்டிருக்கிறவங்களுக்கு

உங்களுக்குத்தான் இந்த எபிசோடு அதிகம் பயன்படும். மாசாமாசம் கம்பி இறுக்கப் போறீங்கல்ல? அன்னைக்கு ஒரே ஒரு வரி கேளுங்க: "டாக்டர், காய வச்சுப் பார்த்து, வெள்ளை வருதான்னு சொல்லுங்க." ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சது. பாட்டில் கழுவற பிரஷ்ஷோட குட்டி மாதிரி ஒண்ணு மெடிக்கல் கடையில கிடைக்கும், கம்பிக்கு அடியில விட்டுத் துலக்க. ராத்திரித் துலக்கலை விடாதீங்க. இனிப்பைச் சாப்பாட்டோட சேர்த்து முடிச்சிடுங்க. டீ குடிச்சா ஒரு மடக்குத் தண்ணி.

தங்கச்சி எலுமிச்சையை அன்னைக்கே நிறுத்திட்டா. ராஜபாளையத்துல ஒரு டாக்டர் காய வச்சுப் பார்த்தாங்க. ஒரு பல்லு மேலோட்டம், ரெண்டு ஆழம். ஆறு மாசம் காத்திருக்கச் சொன்னாங்க. இப்போ அஞ்சாவது மாசம். மேலோட்டமா இருந்தது போயிடுச்சு. மத்த ரெண்டும் மங்கியிருக்கு, போகலை. அடுத்த மாசம் ரெசினா, இப்படியே விடறதான்னு அவ முடிவு பண்ணுவா. "பரவாயில்லண்ணே, இப்படியே இருந்தாலும் பரவாயில்ல"ன்னு போன வாரம் போன்ல சொன்னா. அதுவும் ஒரு நல்ல முடிவுதான். காரணம் தெரிஞ்சு விடறதுக்கும், தெரியாம வாயை மூடிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

போன தடவை சித்தி வீட்டுக்குப் போனப்ப டப்பா வந்துச்சு. சாப்பாடு முடிச்ச கையோட ரெண்டு பேரும் தின்னோம். அப்புறம் வரிசையா வாஷ்பேசினுக்குப் போனோம். சித்தி எங்களைப் பார்த்த பார்வை இருக்கே!

உங்க திட்டுக் கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம். பை மக்களே.